கடற்கரையில் ஒரு கூட்டுக் குடித்தனம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலுள்ள பிரதேசத்துக்கு எத்தனையோ விசேஷங்கள் உண்டு. சமுத்திரம் மட்டும் கிடையாது. 1017-ம் வருஷத்தில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்று பெயர் பெற்ற ஊர், இப்போது மோட்டார் வண்டிகள் அவதரிக்கும் ஊர் என்றும் பெயர் பெற்றிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலை 1998-ல் வண்டி செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் எழுந்தன. இங்கே பிறக்கும் வண்டிகளில் ஒரு பகுதி, பிறந்த சில நாட்களுக்குள் சென்னைத் துறைமுகத்தையோ, எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தையோ அடைந்து, கப்பலேறி அயல் நாடுகளுக்குப் போய்விடுகின்றன. ஆக, நேற்றுப் பிறந்த வண்டிக்குக் கடல் பார்க்கும் பாக்கியம் கிடைத்துவிடுகிறது. அதற்குத் திருகாணி முடுக்கிய கைகளுக்கு உரியவர்களிலோ, மூன்று வருஷம் இங்கேயே இருந்தும் கடலைக் காணாதவர்கள் உண்டு.

கடல் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. ஒரகடத்திலிருந்து கிழக்கே நேராகப் போனால் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம், அப்புறம் கோவளம். எல்லாம் சேர்ந்து சுமார் 45 கிலோமீட்டர். கோடை நாளில் கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கரையில் புறப்பட்டு, சாயங்காலத்தில் நம் ஊர் வந்து சேருகிறது. காற்றே தினந்தோறும் வந்து அழைத்துவிட்டுப் போகும்போது, நாம் ஒரு தரமாவது போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதையல்லவே!

இந்த யோசனை நமது தெருவில் உண்டானதும், மே தினத்தையொட்டி மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்த்தது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தன. உபாத்தியாயர் குடும்பம் இரண்டு. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர். பாங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர். மளிகைக் கடைக்காரர் ஒருவர். இவர்களோடு, மாடியில் குடியிருக்கும் மூன்று இளம் பெண்கள். அவர்கள் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். ஒரு பாட்டியையும் குழந்தைகளையும் சேர்த்துக் கோஷ்டியில் மொத்தம் 21 பேர்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்தாற்போல் ஒரு பெரிய பங்களா. ஐந்து படுக்கை அறை, ஒரு நீண்ட கூடம், சமையலறை, நீச்சல் குளம். இரண்டு இரவுக்கு வாடகை 34,000 ரூபாய். தனிக் குடும்பம் ஒன்று இதை நினைத்தும் பார்க்க முடியாது. ஐந்து குடும்பம் சேர்ந்தால் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் பங்கு பிரிப்பது எப்படி?

* * *

பெரிய வீட்டை வாடகைக்குப் பிடிப்பது சுலபம். வாடகையைப் பிரிப்பதுதான் கஷ்டம். குடும்பத்துக்கு ஒரு பங்கு என்றார் நாலு குழந்தை உள்ளவர். ஆளுக்கு ஒரு பங்கு என்றார் ஒரே குழந்தை உள்ளவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் சொன்னவருடைய லாபமும் இருந்தது. மாடிப் பெண்களோ மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். அவர்களிடம் ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்டால், "நாங்கள் அடுத்த தடவை வருகிறோம், சார்" என்று மரியாதையாக விலகிக் கொள்வார்கள். அடுத்த தடவை என்பது எப்போது வரும் என்று நாம் எல்லோரும் அறிவோம்.

கடைசியில் நமது பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் ஒரு வழி சொன்னார். வாடகையில் பாதி ஆள் கணக்கு, பாதி அறைக் கணக்கு. பெரியவர்கள் 14 பேருக்கு முழுப் பங்கு, குழந்தைகள் 6 பேருக்கு அரைப் பங்கு, கைக்குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆக 17 பங்கு. பங்குக்கு 1,000 ரூபாய். மீதி 17,000 ரூபாய் ஐந்து அறைகளின் பேரில், அறைக்கு 3,400. அறையில் படுக்கிறவர் அறைப் பணம் கொடுக்க வேண்டும். கூடத்தில் படுக்கிறவருக்கு அது கிடையாது. பாட்டி உடனே, "எனக்குக் கூடந்தான், காற்று அங்கேதானே வரும்!" என்று தீர்ப்புச் சொன்னாள். மாடிப் பெண்கள் மூவரும் பாட்டியோடு கூடத்தை எடுத்துக் கொண்டார்கள். ஆளுக்கு 1,000 ரூபாயோடு அவர்கள் கணக்கு முடிந்தது. ஒருவருக்கும் தானம் செய்ததாகவோ, தானம் வாங்கியதாகவோ தோன்றவில்லை. சாப்பாட்டுக்குப் பங்குக்கு 600 ரூபாய் வீதம் 10,200 ரூபாய் பொதுப் பணமாகச் சேர்ந்தது. கூட்டுப் பிரயாணம் செய்ய எண்ணும் நேயர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்துக் கொள்ளலாம். ஒரு முக்கிய விஷயம்: வண்டி ஏறுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட வேண்டும். கடற்காற்று பட்ட பிறகு மனிதர்களுக்கு ஞாபக சக்தி குறைந்துவிடுகிறது.

* * *

கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கோவளம் போகும் பாதையில் பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கிடுகிறது. 1877, 1878-ம் வருஷங்களின் கொடும் பஞ்சத்தில், கஞ்சிக்காக மண் சுமந்த ஜனங்களின் உழைப்பு இந்தக் கால்வாயில் சேர்ந்திருக்கிறது. பேரோ அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பேர்.

கோவளத்துக்கும் ஒரு பழங்கதை உண்டு. 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆஸ்டெண்ட் கம்பெனியார் இங்கே வியாபாரம் செய்தார்கள். பிற்பாடு ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கோட்டை கட்டினார். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்து அதைக் கைப்பற்றினான். அவனோடு வந்த புதுச் சிப்பாய்கள் பீரங்கிச் சத்தம் கேட்டு வெலவெலத்துப் போய், காவல் நின்ற ஒருவன் பல மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் அகப்பட்டான் என்று மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். சாம்ராஜ்யங்கள் இப்படியும் ஸ்தாபிக்கப்பட்டிருக்கின்றன! கோட்டை இருந்த இடத்தில் 1970-களிலிருந்து ஒரு பெரிய ஹோட்டல் நடக்கிறது.

இன்னும் தெற்கே போனால் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் நாளொன்றுக்கு ஒருவராக 360 கன்னியரை மணந்து, முடிவில் அத்தனை பேரையும் ஒருவராக்கித் தம் இடப் பக்கத்தில் வைத்துக் கொண்டார் என்பது ஸ்தல புராணம். 360 பேர் உள்ள குடித்தனத்தில் சச்சரவு வராமலிருக்கப் பகவானே கண்ட உபாயம் அதுதான். 21 பேர் உள்ள குடித்தனத்துக்கு மனிதர்கள் வேறு உபாயம் தேட வேண்டியிருந்தது.

* * *

சச்சரவு வரக்கூடிய முதல் இடம் சமையலறை. இம்மாதிரிப் பிரயாணங்களில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், புருஷர்கள் மணலில் உட்கார்ந்து, "ஆஹா, என்ன காற்று!" என்கிறார்கள். குழந்தைகள் அலையில் ஓடுகிறார்கள். ஸ்திரீகள் ஊரில் செய்த அதே சமையலை இன்னும் பெரிய பாத்திரத்தில் செய்கிறார்கள். அவர்கள் பார்க்கும் கடல், சமையலறை ஜன்னல் கம்பிக்கு நடுவே தெரியும் நாலு விரற்கடை நீலந்தான்.

முதல் நாள் பிற்பகல் பாட்டிதான் பேச்சை எடுத்தாள். "சமுத்திரத்தைப் பார்க்க வந்தோமா, சட்டியைப் பார்க்க வந்தோமா?" என்று கேட்டாள். அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. உடனே ஒரு காகிதத்தில் முறை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் புருஷனும் சேர்த்தி. காலைப் பலகாரம் இரண்டு நாளும் புருஷர்கள் பொறுப்பு. பாத்திரம் துலக்குவது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையன்கள். முதல் நாள் காலையில் நாங்கள் கிண்டிய உப்புமாவைப் பற்றி ஸ்திரீகள் யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. அவர்கள் அப்போது கடற்கரையில் சூரியோதயம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பசியோடு சாப்பிட்டார்கள். அதற்கு மேல் நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

இரண்டாவது விஷயம் தண்ணீர். எதிரே வங்காள விரிகுடா விரிந்து கிடக்க, குழந்தைகள் பாதிப் பேர் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வர மறுத்தார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் லாரியில் விலைக்கு வந்ததென்று காவற்காரர் சொன்னார். பங்களாக் கிணறு உப்புக் கரித்துவிட்டதாம். இதன் காரணத்தைக் குழந்தைகளுக்குச் சொன்னோம். கடற்கரை மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர், கனத்த உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அடியில் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது உப்புத் தண்ணீரை அழுத்தி வைக்கும். மேலே இறைக்க இறைக்க, கீழே உப்பு ஏறுகிறது. ஆகவே, ஒரு பங்களாவின் குளத்துக்காக அளவின்றி இறைத்தால், பக்கத்துக் குப்பத்தின் குடிதண்ணீரும் உப்பாகிவிடக் கூடும். இதைக் கேட்ட பிறகு குழாயை மூடாமல் விட்டவர்களைக் குழந்தைகளே பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

* * *

இனிச் சொல்லப் போவது விளையாட்டு விஷயமல்ல.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் கோஷ்டி கரையில் இறங்கியபோது, வலை பிரித்துக் கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் எழுந்து வந்தார். "வாத்தியாரே, அலை அடிக்கிற இடத்திலே கால் நனையுங்க. அதோ, அலையில்லாம சும்மா கிடக்குதே, அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார். நமக்கு ஆச்சரியமாயிருந்தது. அலையில்லாத இடந்தானே அபாயமற்ற இடம்?

அங்கேதான் சூது இருக்கிறது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுக்களுக்கு நடுவே பள்ளம் எங்கே இருக்கிறதோ, அங்கே ஒன்றுகூடி ஆறு போல் கடலை நோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகமாகையால் அலை உடைவது குறைவு. ஆகையால் பார்க்கச் சாதுவாகத் தோன்றுகிறது. கலங்கிய நிறமும், வெளி நோக்கிப் போகும் நுரையுமே அடையாளம். அதன் வேகம் சில சமயம் வினாடிக்கு 2 மீட்டரையும் எட்டும். பந்தய வீரனும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது. அகப்பட்டவன் எதிர்த்துப் போராடாமல் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு கரை சேர வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ தாய்மார்களின் வயிற்றில் பால் வார்த்த புண்ணியம் உண்டு.

மறு நாள் மாலையில் இது எங்கள் கண்ணெதிரே ருசுவாயிற்று. அடுத்த பங்களாவில் தங்கியிருந்த வாலிபர் கூட்டத்திலிருந்து இரண்டு பேர், அந்த அலையில்லாத இடத்தில் இறங்கினார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் அவர்கள் தலைகள் எலுமிச்சம்பழம் போல் சிறுத்துவிட்டன. அவர்களுடைய சிநேகிதர்கள் நாலு பேர் குதிக்கப் போனார்கள். கிழ மீனவர் ஓர் அதட்டு அதட்டி அவர்களை நிறுத்தினார். அவருடைய மகனும் இன்னொருவரும் படகைத் தள்ளிக் கொண்டு போய், மிதவைக் கட்டையை வீசி, இருவரையும் இழுத்துக் கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். உயிருக்கு மோசமில்லை. காப்பாற்றக் குதித்திருந்தால் இரண்டு என்பது ஆறு ஆகியிருக்கும்.

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30-ந் தேதி, மற்றவர்களைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்த ஷ்மிட் என்னும் டேனிஷ்காரரின் ஞாபகார்த்தம் அது. அவருடைய தீரத்துக்குத் தலை வணங்குவோம். ஆனால் மண்டபங்கள் இன்னும் பெருக வேண்டாம். ஒவ்வொரு கோஷ்டியும் கரைக்கு இறங்கும்போது, தண்ணீரில் இறங்காமல் தலைகளை எண்ணிக்கொண்டே நிற்கும் ஒருவரை நியமித்து, அவர் கையில் கயிறு கட்டிய மிதவை ஒன்றைக் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் கோஷ்டியில் மணிக்கு ஒருவராக இந்தப் பதவியை வகித்தோம்.

அந்த மீனவர்களுக்கு வந்தனம் சொல்லப் போனபோது வேறொன்று தெரிந்தது. அவர்கள் குப்பத்திலிருந்து கடலுக்கு வரும் பழைய நடைபாதையின் குறுக்கே அடுத்த பங்களாவின் மதில் சுவர் எழும்பியிருக்கிறது. வலையையும் மீன் கூடையையும் சுமந்துகொண்டு பெண்கள் சுற்றுவழியாக நடக்கிறார்கள். சுவருக்கு உள்ளேயிருந்த பிள்ளைகளைத்தான் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பிழைக்க வைத்தார்கள். கடற்கரையில் எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதற்கு 1991-லிருந்து மத்திய சர்க்காரின் ஒழுங்குமுறை அறிவிப்புகள் இருக்கின்றன. 2011-லும் 2019-லும் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆனால் மணல் மேல் படகு நிறுத்துகிறவனுக்கு வழி விட வேண்டும் என்பதற்கு அறிவிப்பு எதற்கு? வீட்டை வாடகைக்கு எடுக்கும் நாம் சொந்தக்காரரைக் கேட்கும் கேள்விகள் எத்தனை! ஏ.ஸி. உண்டா, ஜெனரேட்டர் உண்டா, குளம் உண்டா? இவற்றோடு, "குப்பத்து ஜனங்களுக்கு வழி உண்டா?" என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்தால் சில சுவர்கள் தாமாகவே திறக்கக் கூடும்.

இரவில் கடலைப் பார்த்த விளக்குகளைக் காவற்காரர் அணைத்துவிட்டார். ஜனவரி முதல் மார்ச் வரையில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. சுமார் ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நாடி ஓடும் சுபாவமுள்ளவை. பங்களா விளக்கைக் கண்டால் வழி தவறி மேட்டில் ஏறி மடிந்துவிடும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து இந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். நாங்கள் செய்ய வேண்டியிருந்ததோ ஒரு ஸ்விட்சை அணைப்பதுதான்.

* * *

மாடிப் பெண்களில் ஒருத்தி கடலை முதல் முதலாகப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். வெகு நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "இது ஷிப்டு மாற்றவே மாற்றாதா, சார்?" என்று கேட்டாள். இரவு முறை, பகல் முறை என்று வாரம் மாறித் தூங்குகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டு நாளும் அவள் பாட்டியின் பக்கத்தில் கூடத்தில் பத்து மணி நேரம் தூங்கினாள். கடலைவிட அந்தத் தூக்கந்தான் அவளுக்கு அதிகம் தேவைப்பட்டதோ என்னவோ!

ஓய்வு என்பது தனவந்தர்களின் ஆபரணம் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1936-ல் பிரான்ஸ் தேசத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. மலிவு ரயில் டிக்கெட்டும் கிடைத்தது. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் முதன் முதலாகக் கடலைக் கண்டன. நம் நாட்டிலும் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்று வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாள் கணக்கு நிறைவதற்குள் வேலை முடிந்துவிடும் தற்காலிகத் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்?

வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக் கூடிய பிரம்மாண்டமான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அறைக்கு ஆறு பேர். கூட்டுக் குடித்தனத்தை நாங்கள் இரண்டு நாள் பழகினோம். அவர்கள் வருஷம் முழுதும் பழகுகிறார்கள். உழைக்கிறவர்களுக்குப் படுக்க இடம் கட்டிய நாட்டுக்கு, அவர்கள் வருஷத்தில் இரண்டு நாள் காற்று வாங்க இடம் கட்டுவது முடியாத காரியமா? சர்க்காரும் தொழிற்சாலைகளும் சேர்ந்து கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையில் எளிய வாடகையில் நாலைந்து விடுதிகள் ஏற்படுத்தலாம். நீச்சல் குளம் வேண்டாம். நல்ல கூடமும், குடிதண்ணீரும், கரையில் நிற்க ஓர் உயிர்க்காவலரும் இருந்தால் போதும். காவலர் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதுமில்லை. பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறார்கள்.

அதுவரையில் நம்மைப் போன்றவர்களுக்குக் கூட்டுச் சேருவதுதான் வழி. சாப்பாட்டுப் பொதுப் பணத்தில் 1,140 ரூபாய் மீந்தது. கணித ஆசிரியர் அதைப் 17 பங்காகப் பிரித்தார். பங்குக்கு 67 ரூபாய் போக ஒரு ரூபாய் மிச்சம். அந்த ஒரு ரூபாயை என்ன செய்வதென்று அவர் விசாரத்தில் ஆழ்ந்திருந்தபோது, பிரிக்கவே வேண்டாமென்று கோஷ்டியார் தீர்மானித்துவிட்டார்கள். மாதந்தோறும் பங்குக்கு 100 ரூபாய் வீதம் அதனோடு சேர்ந்து வருகிறது. அடுத்த மே தினத்துக்கு மாடியிலிருந்து மட்டும் ஏழு பெண்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் இந்தத் தடவை கூடம் பெரியதாக உள்ள வீடாகப் பார்க்க வேண்டும்.